முழங்கால் மூட்டு மாற்றிய பின் வரும் வலி: தாதியரிடம் எதை, எப்போது, எப்படிக் கேட்பது

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் முப்பது, நாற்பது ஆண்டுகள் பால்மரம் சீவியவர்களுக்கும் செம்பனைக் குலை தூக்கியவர்களுக்கும் அறுபது வயதுக்கு மேல் முழங்கால் என்ன பாடுபடுத்தும் என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அவர்களில் பலருக்கு இப்போது மூட்டு மாற்று அறுவை பரிந்துரைக்கப்படுகிறது. அறுவையைப் பற்றி மருத்துவர் சொல்லிவிடுவார். அதற்குப் பிந்தைய வலியை யார் பார்ப்பார்கள், எப்படிப் பார்ப்பார்கள், குடும்பத்தினர் செய்யவேண்டியது என்ன என்பதை மட்டும் யாரும் முன்கூட்டியே உட்கார்ந்து சொல்வதில்லை. என் அம்மாவுக்கு வலது முழங்கால் மாற்றப்பட்டபோது இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டித் தடவித் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அடுத்து வருபவர்களுக்கு அந்தச் சிரமம் குறையட்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருந்தை எழுதித் தருபவர் மருத்துவர். மயக்க மருந்து நிபுணரும் அவருடைய குழுவும் முதல் ஓரிரு நாளுக்கு வலி நிவாரணத்தைத் திட்டமிடுவார்கள். ஆனால் இருபத்து நான்கு மணி நேரமும் கட்டிலருகே வந்து வலியை அளப்பவர், மருந்தைக் கொடுப்பவர், அது வேலை செய்ததா என்று திரும்ப வந்து பார்ப்பவர், போதவில்லை என்றால் மருத்துவரை அழைப்பவர் தாதிதான். ஆகவே கீழே உள்ள படிகளில் பெரும்பாலானவை அவருக்குச் சரியான தகவலைச் சரியான நேரத்தில் கொடுப்பதைப் பற்றியவை.

1. அறுவைக்கு முந்தைய மாதங்கள்: தாள்களும் பணமும்

தனியார் மருத்துவமனையில் ஒரு முழங்காலுக்கான மொத்தச் செலவு இருபதாயிரம் ரிங்கிட்டைச் சாதாரணமாகத் தாண்டிவிடும். அரசாங்க மருத்துவமனையில் குடிமக்களுக்கு மூன்றாம் வகுப்பு வார்டுக் கட்டணம் ஒரு நாளைக்கு 3 ரிங்கிட். நிபுணர் கிளினிக்கில் ஒருமுறை பார்ப்பதற்கு 5 ரிங்கிட். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்குச் சலுகைகளும் உண்டு. இந்தத் தொகைகளைக் கேட்டு நிம்மதி அடைந்துவிடாதீர்கள். காலுக்குள் வைக்கும் செயற்கை மூட்டின் விலையைப் பெரும்பாலும் நோயாளிதான் ஏற்கவேண்டும், அது சில ஆயிரம் ரிங்கிட் ஆகும். பல குடும்பங்கள் இதை அறுவைத் தேதி நெருங்கும்போதுதான் கேள்விப்பட்டு அலைகின்றன.

எனவே முதல் ஆலோசனையின்போதே மருத்துவமனையின் மருத்துவச் சமூகநலப் பிரிவு எங்கே இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள். உங்கள் நிலைமையைப் பொறுத்து நான்கு வழிகள் உண்டு. அம்மாவோ அப்பாவோ அரசாங்கத்தின் எஸ்டிஆர் ரொக்க உதவி பெறும் குடும்பத்தைச் சேர்ந்த, 40 வயதுக்கு மேற்பட்டவர் என்றால் குறைந்த வருமானத்தினருக்கான பெக்கா பி40 சுகாதாரத் திட்டத்தில் மருத்துவ உபகரண உதவியாக 20,000 ரிங்கிட் வரை இடமுண்டு. செயற்கை மூட்டு அந்தப் பட்டியலில் உள்ளது. விண்ணப்பத்தை அரசாங்க மருத்துவமனைதான் அனுப்பும். தீபகற்பத்தில் 500 ரிங்கிட் வரை போக்குவரத்து உதவியும் இதே திட்டத்தில் இருக்கிறது. பலருக்குத் தெரியாததால் கேட்பதே இல்லை. இன்னும் வேலையில் இருந்து, சொக்சோ எனப்படும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்புக்குச் சந்தா செலுத்துபவர் என்றால் சொக்சோ அலுவலகத்தில் விசாரியுங்கள். அரசாங்கப் பணி ஓய்வூதியர் என்றாலும் பிள்ளை அரசு ஊழியர் என்றாலும் ஜிஎல் எனப்படும் உத்தரவாதக் கடிதத்தை வாங்கி வந்து, அது செயற்கை மூட்டுக்கும் பொருந்துமா என்று தனியாகக் கேளுங்கள். இவை எதுவும் இல்லையென்றால் சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதி இருக்கிறது.

எந்த வழியாக இருந்தாலும் கேட்கும் தாள்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான். நோயாளியின் அடையாள அட்டை, வீட்டில் சம்பாதிக்கும் பிள்ளைகளின் அடையாள அட்டையும் சம்பளச் சீட்டும், வேலை இல்லாதவர்களுக்கு அதற்கான உறுதிமொழி, சேமநிதி அறிக்கை, வங்கிக் கணக்குப் புத்தகம், மின்சார, தண்ணீர் பில்கள், கணவரோ மனைவியோ இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ், மருத்துவரின் பரிந்துரைக் கடிதம் ஆகியவற்றை இரண்டு நகல்களாக ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். தனிக்குடித்தனம் போய்விட்ட பிள்ளைகளின் வருமானத்தையும் கேட்பார்கள். கோலாலம்பூரில் இருக்கும் தம்பியின் சம்பளச் சீட்டுக்காக விண்ணப்பம் வாரக்கணக்கில் நின்றுபோவது இந்த ஊரில் வழக்கமான கதை. ஒப்புதல் கையில் வரும் முன் உபகரண நிறுவனத்துக்கு எந்தப் பணமும் கட்டாதீர்கள்.

அறுவைக்கான காத்திருப்பு மாதக்கணக்கில் நீளும். ஓராண்டைத் தாண்டுவதும் உண்டு. அதற்குள் சர்க்கரை அளவைக் கட்டுக்குள் கொண்டுவருவதும் சொத்தைப் பற்களைச் சரிசெய்வதும் உங்கள் வேலை. இவை சரியில்லை என்றால் கிருமித்தொற்று அபாயத்தைச் சொல்லித் தேதியைத் தள்ளிவைத்துவிடுவார்கள்.

2. மருந்துப் பட்டியலை மறைக்காமல் எழுதுங்கள்

மயக்க மருந்துக் கிளினிக்கிலும் வார்டில் சேரும் நாளிலும் தாதி கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, வீட்டில் என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்பது. அரசாங்கக் கிளினிக்கில் கொடுத்த சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளைச் சொல்லிவிட்டு மற்றவற்றை விழுங்கிவிடுவது நம்மவர்களின் பழக்கம். பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய மூட்டுவலிக் கேப்சூல், பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த ஜாமு என்ற மூலிகை மருந்து, யாரோ இணையத்தில் வரவழைத்துக் கொடுத்த தூள் ஆகியவற்றையும் சொல்லவேண்டும். முடிந்தால் பாக்கெட்டையே கொண்டுபோங்கள்.

காரணம் இருக்கிறது. இப்படி விற்கப்படும் ‘பாரம்பரிய’ மூட்டுவலி மருந்துகள் பலவற்றில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருப்பது இந்த நாட்டில் திரும்பத் திரும்பக் கண்டுபிடிக்கப்பட்டு எச்சரிக்கை விடப்பட்ட விஷயம். அதை நீண்ட நாள் சாப்பிட்டவரின் உடல் தானாகச் சுரக்க வேண்டிய ஸ்டீராய்டைக் குறைத்துவிடும். அறுவை நேரத்தில் மருந்தைத் திடீரென நிறுத்தினால் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு விழலாம். புண் ஆறுவதும் தாமதமாகும். தாதி திட்டுவார் என்று பயந்து இதை மறைப்பது எந்த வகையிலும் இலாபமில்லை.

பட்டியலில் ஒவ்வாமையையும் எழுதுங்கள். எந்த மாத்திரைக்கு முகம் வீங்கியது, எதற்குத் தடிப்பு வந்தது, வயிற்றுப்புண் இருந்ததா, சிறுநீரகம் பலவீனம் என்று யாராவது சொன்னார்களா, ஆஸ்துமா உண்டா என்பவை வலி மருந்தைத் தேர்ந்தெடுப்பதில் நேரடியாகப் பயன்படும். செலகொக்சிப், எட்டோரிகொக்சிப் போன்ற வீக்கம் குறைக்கும் மருந்துகள் முழங்கால் வலிக்கு நன்றாக வேலை செய்யும் என்றாலும், சிறுநீரகமோ இதயமோ சரியில்லாதவர்களுக்கு அவற்றைக் கொடுக்கத் தயங்குவார்கள். சல்ஃபா மருந்துக்கு ஒவ்வாமை இருந்தால் செலகொக்சிப் பற்றிக் கட்டாயம் சொல்லவேண்டும்.

3. வலி எண்ணை வீட்டிலேயே பழக்குங்கள்

இந்தப் படிக்கு மற்றெல்லாவற்றையும்விட அதிக நேரம் ஒதுக்கச் சொல்வேன்.

நம் அரசாங்க மருத்துவமனைகளில் 2008 முதல் வலியை ஐந்தாவது உயிர்க்குறியாக எடுத்துக்கொள்கிறார்கள். உடல்வெப்பம், நாடித்துடிப்பு, மூச்சு, இரத்த அழுத்தம் ஆகியவற்றோடு வலியையும் அளந்து அட்டவணையில் எழுதுவது தாதியின் கடமை. பொதுவாக நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறையும், அறுவை முடிந்த முதல் சில மணி நேரங்களில் இன்னும் அடிக்கடியும் அளப்பார்கள். அளவுகோல் 0 முதல் 10 வரை. வலியே இல்லை என்றால் 0. கற்பனை செய்யக்கூடிய மிக மோசமான வலி 10. எண் புரியாதவர்களுக்காகச் சிரிக்கும் முகத்திலிருந்து அழும் முகம் வரை வரைந்த ஓர் அளவுகோலைக் காட்டுவார்கள்.

1 முதல் 3 வரை இலேசான வலி, 4 முதல் 6 வரை நடுத்தரம், 7 முதல் 10 வரை கடுமை. பொதுவாக 4 என்ற எண்தான் எல்லைக்கோடு. எண் அதைத் தொட்டாலோ தாண்டினாலோ தாதி ஏதாவது செய்தாக வேண்டும்: எழுதப்பட்ட மருந்தைக் கொடுக்கவேண்டும், அல்லது மருத்துவருக்குத் தெரிவிக்கவேண்டும். கொடுத்த பிறகு மீண்டும் வந்து எண்ணைக் கேட்கவேண்டும். ஊசி என்றால் சீக்கிரம், மாத்திரை என்றால் ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்து.

இப்போது இந்த ஏற்பாட்டுக்குள் நம் அம்மாக்களை நிறுத்திப் பாருங்கள். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து பிரட்டுக்கு (வேலைக்கு முந்தைய பெயர்க் கூப்பாட்டுக்கு) போய், மழையிலும் அட்டையிலும் வேலை செய்து, காய்ச்சலோடு பால் தூக்கியவர்கள். ‘அம்மா, சாக்கிட் பெராப்பா?’ (வலி எத்தனை?) என்று தாதி மலாயில் கேட்டால், தலையை ஆட்டி, ‘பரவாயில்லை மிஸ்ஸி’ என்பார்கள். அல்லது மரியாதைக்காக 2 என்பார்கள். அந்த 2 அட்டவணையில் ஏறிவிடும். அதன்படி இலேசான வலி மாத்திரையான பனடோல் மட்டும் கிடைக்கும். மாலையில் நீங்கள் பார்க்கப் போகும்போது உங்களிடம் கண்ணீர் விடுவார்கள். தாதி ஏமாற்றவில்லை, அவருக்குக் கொடுக்கப்பட்ட எண் அது.

ஆகவே அறுவைக்கு இரண்டு வாரம் முன்பே தினமும் கேட்டுப் பழக்குங்கள். ‘உட்கார்ந்திருக்கும்போது எத்தனை? எழுந்து நடக்கும்போது எத்தனை?’ என்று இரண்டு எண்களாகக் கேளுங்கள். இந்த இரண்டாவது எண்தான் முக்கியம். படுத்திருக்கும்போது 2 ஆக இருக்கும் வலி காலை மடக்கும்போது 8 ஆகலாம். வார்டில் தாதி அசைவின்போதுள்ள வலியைக் கேட்க மறந்தாலும் நோயாளியே சொல்லவேண்டும்: ‘படுத்தால் 2, மடக்கினால் 8.’ பிரசவ வலி பெற்றவர்களுக்கு அதை 9 என்றோ 10 என்றோ வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒப்பிடச் சொல்வது எளிதாக வேலை செய்கிறது.

எண்ணோடு வலி எந்த மாதிரி என்பதையும் சொன்னால் தாதிக்கு உதவும், ஏனெனில் தையல் எரிவதும் நரம்பு சுண்டுவதும் கெண்டைக்கால் இறுகுவதும் வெவ்வேறு காரணங்களைக் காட்டுகின்றன. மலாய் அதிகம் பேசாதவர்களுக்கு ஒரு துண்டுச் சீட்டில் இவற்றை எழுதிக் கொடுங்கள்: எரிச்சலுக்கு ‘பெடிஹ்’, மரத்துப்போனால் ‘கெபாஸ்’, விண்விண்ணென்று தெறித்தால் ‘பெர்டெஞுட்’, குமட்டலுக்கு ‘லோயா’, தலைசுற்றலுக்கு ‘பெனிங்’, அரிப்புக்கு ‘காத்தால்’. தமிழ் தெரிந்த தாதி அந்த ஷிப்டில் இருப்பார் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது.

மறதி நோய் உள்ளவர்களிடம் எண் எடுபடாது. அவர்களுக்கு முகச்சுளிப்பு, கால்களின் அசைவு, படுக்கையில் புரளுவது, அழுகை அல்லது முனகல், தேற்றினால் அடங்குகிறார்களா என்பவற்றைப் பார்த்துத் தாதி மதிப்பெண் போடுவார். வலி வந்தால் உங்கள் அப்பா வழக்கமாக என்ன செய்வார் என்பதை, வாயை மூடிக்கொள்வாரா, சிடுசிடுப்பாரா, வேட்டியைப் பிடித்து இழுப்பாரா என்பதைச் சேரும் அன்றே தாதியிடம் சொல்லிவிடுங்கள். குடும்பத்துக்கு மட்டுமே தெரிந்த செய்தி அது.

4. சேரும் நாள்

அடையாள அட்டை, சந்திப்பு அட்டை, உத்தரவாதக் கடிதம் அல்லது உதவி ஒப்புதல், மருந்துப் பட்டியலும் மருந்துகளும், பழைய எக்ஸ்ரே, மூக்குக்கண்ணாடி, காது கேட்கும் கருவி, பிடிமானமுள்ள செருப்பு, அகலமான கைலி. முழுக்கால் சட்டை வேண்டாம். கட்டுப்போட்ட காலில் ஏற்ற முடியாது. நகை எதையும் கொண்டுபோகாதீர்கள். கண்ணாடியும் காது கருவியும் சின்ன விஷயங்கள் போலத் தோன்றலாம். வயதானவர்கள் அறுவைக்குப் பிறகு இரவில் இடம் தெரியாமல் குழம்பிப் பேசுவது பரவலாக நடக்கிறது. பார்வையும் செவியும் தெளிவாக இருந்தால் அந்தக் குழப்பம் குறையும்.

5. முதல் இரண்டு நாள்: பொத்தானும் மரத்த காலும்

பெரும்பாலோருக்கு முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்துதான் அறுவை நடக்கும். கூடவே தொடைப் பகுதியில் நரம்பைச் சுற்றி மருந்து செலுத்துவதும் உண்டு. இதனால் முதல் பல மணி நேரம் நோயாளி அற்புதமாக இருப்பார். சிரிப்பார், மைலோ குடிப்பார். ‘வலியே இல்லை’ என்று உறவினர்களுக்குத் தொலைபேசியில் செய்தி போகும். மருந்தின் வேகம் இறங்கும்போது, பெரும்பாலும் நள்ளிரவையொட்டி, வலி ஒரேயடியாக ஏறும். எனவே கால் மெல்ல உணர்வு பெறத் தொடங்கும்போதே தாதியிடம் சொல்லி அடுத்த மருந்தைக் கேட்கவேண்டும். வலி 8 ஆன பிறகு அதை 3 ஆக்குவதற்குப் பிடிக்கும் மருந்தும் நேரமும், 4 இல் பிடித்து நிறுத்துவதைவிட அதிகம்.

சிலருக்குப் பிசிஏ எனப்படும் கருவியை இணைப்பார்கள். அதில் மோர்ஃபின் இருக்கும். நோயாளி கையிலுள்ள பொத்தானை அழுத்தினால் சிறு அளவு இரத்தக்குழாய் வழியே போகும். பொதுவாக ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறைக்கு மேல் எத்தனை தடவை அழுத்தினாலும் போகாதபடி பூட்டு இருக்கிறது. இங்கே ஒரு கடுமையான எச்சரிக்கை: பொத்தானை நோயாளி மட்டுமே அழுத்தவேண்டும். தூங்கிக்கொண்டிருக்கும் அம்மாவுக்காகப் பாசத்தோடு மகள் அழுத்துவது உயிருக்கே ஆபத்து. தூக்கம் வந்துவிட்டால் நோயாளி தானாக அழுத்துவதை நிறுத்துவார் என்பதே இந்த முறையின் பாதுகாப்பு. வேறொருவர் அழுத்தினால் அது போய்விடும், மூச்சு மந்தப்படலாம்.

இதனால்தான் தாதி இரவில் வந்து தட்டி எழுப்புகிறார். தூங்குபவரை ஏன் எழுப்புகிறீர்கள் என்று உறவினர்கள் சண்டைக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். அவர் பார்ப்பது இரண்டை: எவ்வளவு எளிதில் விழிக்கிறார், ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு. மோர்ஃபின் அதிகமானால் மூச்சு குறைவதற்கு முன் அளவுக்கு மீறிய மயக்கம் தெரியும். அதைப் பிடிப்பதற்கு எழுப்புவதைத் தவிர வேறு வழி இல்லை.

மோர்ஃபின் என்ற பெயரைக் கேட்டதும் ‘அடிமையாகிவிடுவார்’ என்று மறுப்பவர்கள் உண்டு. அறுவை வலிக்காகச் சில நாள், மருத்துவமனைக் கண்காணிப்பில் கொடுப்பதில் அந்த அபாயம் மிகக் குறைவு. குமட்டல், அரிப்பு, மலச்சிக்கல், சிறுநீர் வராமல் அடைப்பது ஆகியவைதான் நடைமுறைத் தொல்லைகள். ஒவ்வொன்றுக்கும் மருந்தோ மாற்றோ உண்டு. தாதியிடம் சொன்னால்தான் கிடைக்கும்.

கால் மரத்திருக்கும்வரை தனியாக எழுந்து கழிப்பறைக்குப் போகக்கூடாது. யாருக்கும் தொந்தரவு கொடுக்க வேண்டாம் என்று தானாக எழுந்து விழுபவர்கள் பெரும்பாலும் அடக்கமான, பிறரைச் சிரமப்படுத்த விரும்பாத நல்ல மனிதர்கள். அழைப்பு மணி எங்கே இருக்கிறது என்று முதலில் காட்டிக் கொடுங்கள்.

6. உடற்பயிற்சிக்கு முன் மருந்து

பிசியோதெரபி அறுவை நாளன்றோ மறுநாளோ தொடங்கிவிடும். வாக்கரைப் பிடித்து நிற்கச் சொல்வார்கள், முழங்காலை மடக்கச் சொல்வார்கள். முதல் வாரங்களில் மடக்கிப் பழகாத முழங்கால் இறுகிப்போகும். பிறகு அதை மீட்பது கடினம். வலியைப் பொறுத்துக்கொண்டு அசையாமல் படுத்திருப்பதைத் துணிச்சல் என்று எண்ணுபவர்களுக்கு இதைத் தெளிவாகச் சொல்லுங்கள்: வலி மருந்து கேட்பது முழங்காலை மடக்குவதற்காக.

பிசியோ எத்தனை மணிக்கு வருவார் என்று காலையிலேயே தாதியிடம் கேளுங்கள். மாத்திரை அதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னதாக உள்ளே போயிருக்கவேண்டும். வார்டு மருந்து நேரமும் பிசியோ நேரமும் பொருந்தவில்லை என்றால் நேரத்தை மாற்றித் தர முடியுமா என்று கேட்பதில் தவறில்லை. பெரும்பாலும் செய்து தருகிறார்கள்.

பயிற்சி முடிந்ததும் பனிக்கட்டி. துணி சுற்றி, பதினைந்து இருபது நிமிடம். நேரடியாகத் தோலில் வைத்தால் மரத்த தோல் புண்ணாகும். காலை உயர்த்தி வைக்கும்போது தலையணை குதிகாலுக்கும் கெண்டைக்காலுக்கும் கீழே இருக்கவேண்டும். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் சுகமாக இருக்கும். ஆனால் கால் வளைந்த நிலையிலேயே நின்றுவிடும். தாதி வந்து எடுத்துவிட்டுப் போன தலையணையைத் திரும்ப வைப்பது வார்டில் தினமும் நடக்கும் பனிப்போர்.

7. இரவும் ஷிப்ட் மாற்றமும்

ஷிப்ட் பொதுவாகக் காலை 7, மதியம் 2, இரவு 9 மணிகளை ஒட்டி மாறும். அந்த நேரத்தில் தாதியர் ஒருவருக்கொருவர் நோயாளிகளை ஒப்படைத்துக்கொண்டிருப்பார்கள். மருந்து கேட்டால் தாமதமாகும். ஆகவே வலி ஏறத் தொடங்கியிருந்தால் அதற்கு ஒரு மணி நேரம் முன்பே சொல்லிவிடுங்கள். இரவுப் பணியில் ஆள் குறைவு என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

மாலைப் பார்வை நேரம் முடிந்து கிளம்பும் முன் தாதியிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘இரவில் வலி கூடினால் கொடுக்கக் கூடுதல் மருந்து எழுதியிருக்கிறதா?’ தாதி விரும்பினாலும் மருத்துவர் எழுதாத வலுவான மருந்தைக் கொடுக்க முடியாது. ‘தேவைப்பட்டால்’ என்ற குறிப்போடு மருந்து எழுதப்பட்டிருந்தால் நள்ளிரவில் அவரே எடுத்துக் கொடுத்துவிடுவார். இல்லையென்றால் மருத்துவரைத் தேடவேண்டும். மாலை ஏழு மணிக்குக் கேட்டால் அதைச் சரிசெய்ய நேரமிருக்கும்.

கேட்டும் கிடைக்கவில்லை என்றால் குரலை உயர்த்தாமல் வார்டு சிஸ்டரைப் பாருங்கள். ‘மணி இத்தனைக்கு எண் 8, மருந்து கொடுத்து ஒரு மணி நேரம் ஆகியும் 7’ என்று நேரத்தோடு சொன்னால் நடவடிக்கை வரும். ‘அம்மா துடிக்கிறார், யாரும் பார்ப்பதில்லை’ என்று சொன்னால் வாக்குவாதம்தான் வரும்.

8. வீட்டுக்கு அனுப்பும் நாள்

மதியத்துக்குள் அனுப்பிவிடுவதாகச் சொல்வார்கள், தாள்கள் வந்துசேர மாலை ஆகிவிடும். கையில் இருக்க வேண்டியவை: டிஸ்சார்ஜ் குறிப்பு, தையலோ ஸ்டேப்பிளோ எடுப்பதற்கும் கட்டு மாற்றுவதற்கும் உள்ளூர் கிளினிக்குக்கான கடிதம், பிசியோ சந்திப்பு, நிபுணர் சந்திப்பு, விடுப்புக் கடிதம், வார்டின் தொலைபேசி எண். தையல் எடுப்பது வழக்கமாகப் பத்திலிருந்து பதினான்கு நாளுக்குள். சுங்கை சிப்புட்டிலேயே அதைச் செய்ய முடியும்போது அதற்காக மட்டும் பெரிய மருத்துவமனை உள்ள ஈப்போவுக்கு வாடகைக் கார் பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் கடிதம் இல்லாமல் போனால் திருப்பி அனுப்பக்கூடும்.

மருந்துப் பொட்டலத்தை வாங்கியதும் தாதியிடமோ மருந்தாளரிடமோ ஒவ்வொன்றையும் காட்டி மூன்று கேள்வி கேளுங்கள்: எது நேரப்படி, எது வலித்தால் மட்டும், எதை முதலில் நிறுத்துவது. பொதுவாக டிரமடோல் போன்ற வலுவான மருந்து முதலில் நிற்கும், பாரசிட்டமால் கடைசியில்.

பாரசிட்டமால் 500 மில்லிகிராம் மாத்திரை, ஒரு வேளைக்கு இரண்டு, ஆறு மணி நேர இடைவெளி, ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் போகக்கூடாது. மெலிந்தவர்களுக்கும் கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் இன்னும் குறைவு. மருத்துவமனைப் பொட்டலத்தில் ‘பாரசிட்டமால்’ என்றும் கடையில் ‘பனடோல்’ என்றும் இருப்பது ஒரே மருந்துதான். சளி மருந்து பலவற்றிலும் அது உண்டு. இவற்றைச் சேர்த்து அளவுக்கு மீறிச் சாப்பிட்டால் கல்லீரல் கெடும். அதுபோலவே மருத்துவமனை செலகொக்சிப் கொடுத்திருக்கும்போது வீட்டில் மிச்சமிருந்த பொன்ஸ்டான், வோல்தரன் போன்ற அதே வகை வலி மாத்திரைகளைக் கூடச் சேர்க்காதீர்கள். இரத்தம் உறையாமல் இருக்கும் மருந்தும் கொடுத்திருந்தால் வயிற்றில் இரத்தக்கசிவு வரை போகும்.

9. தோட்ட வீட்டில் முதல் ஆறு வாரம்

பழைய லயத்து வீடுகளில் பிரச்சினை கழிப்பறைதான். குந்தும் கழிப்பறையைப் புதிய முழங்கால் தாங்காது. அறுவைக்கு முன்பே கழிப்பறை நாற்காலி ஒன்றும் வாக்கர் ஒன்றும் வாங்கிவிடுங்கள். இரண்டும் நூறு ரிங்கிட்டைச் சுற்றிய விலைகளிலிருந்து கிடைக்கின்றன, அக்கம்பக்கத்தில் ஏற்கெனவே அறுவை செய்தவர்களிடம் இரவலும் கிடைக்கும். படுக்கையைத் தரையிலிருந்து கட்டிலுக்கு மாற்றுங்கள்.

முதல் இரண்டு மூன்று நாளின் கடும் வலி வாரத்துக்கு வாரம் இறங்கும். ஆனாலும் இரவில் வலிப்பது, கால் சூடாக இருப்பது, மாலையில் வீங்குவது போன்றவை சில மாதம் தொடரலாம். வார்டில் பழகிய எண் முறையை வீட்டிலும் விடாதீர்கள். ஒரு பள்ளி நோட்டில் தேதி, படுத்திருக்கும்போது எண், மடக்கும்போது எண், சாப்பிட்ட மருந்து, மலம் கழித்ததா என்று ஐந்து கட்டம் போட்டால் போதும். கட்டு மாற்றும் கிளினிக் தாதி அதைப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் நிலைமையைப் புரிந்துகொள்வார்.

எண்ணெய் தேய்த்து உருவிவிட ஆள் வருவார். புண்ணிலோ கெண்டைக்காலிலோ கை வைக்க விடாதீர்கள். உள்ளே இரத்தக் கட்டி இருந்தால் அது நகர்ந்து நுரையீரலுக்குப் போகக்கூடும். காற்று எண்ணெய் எனப்படும் தைலமும் தையல் பக்கம் வேண்டாம். புண் ஆறும் என்று கொடுக்கும் விரால் மீன் சூப்பைப் பொறுத்தவரை, உணவாகச் சாப்பிடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அதே பெயரில் விற்கும் மாத்திரையை மட்டும் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

10. காத்திருக்கக் கூடாத வலிகள்

இறங்கிக்கொண்டிருந்த வலி திரும்ப ஏறினால், புண்ணில் சிவப்பு பரவினால், நீரோ சீழோ கசிந்தால், காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். தனியார் கிளினிக்கில் ஆன்டிபயாட்டிக் வாங்கிச் சமாளிக்காதீர்கள், செயற்கை மூட்டில் கிருமி பிடித்தால் நாள் கடக்கக் கடக்கச் சிக்கல் பெருகும். கெண்டைக்கால் இறுகி, வீங்கி, தொட்டால் வலித்தால் இரத்தக் கட்டியாக இருக்கலாம். அதுவும் அதே நாளில். திடீரென மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மயக்கம் என்றால் 999. அழைக்கும்போது தோட்டத்தின் பெயரோடு எந்த டிவிஷன், பிரதான சாலையிலிருந்து எந்த நுழைவாயில் என்பதையும் சொல்லவேண்டும். செம்பனைக்குள் எல்லாச் சாலையும் ஒன்றுபோல இருக்கும். யாராவது ஒருவர் மோட்டார் சைக்கிளில் போய்ச் சாலைச் சந்தியில் நிற்பது நல்லது.

மூன்று மாதம் கடந்தும் வலி 4க்குக் கீழே வரவில்லை என்றால், வயது அப்படி என்று விட்டுவிடாமல் அடுத்த நிபுணர் சந்திப்பில் நோட்டைக் காட்டி, வலி நிவாரணக் கிளினிக்குக்கு அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். பெரிய அரசாங்க மருத்துவமனைகள் பலவற்றில் அது இருக்கிறது. பரிந்துரைக் கடிதத்தோடுதான் சேர்த்துக்கொள்வார்கள், சந்திப்புத் தேதிக்கும் சில வாரங்கள் ஆகும்.